தி கிளாஷ்: என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கூடத்துச் சுவரில் ஒரு கறுப்பு வெள்ளைப் படம் மாட்டியிருக்கிறேன். கால்களை அகட்டி நின்றுகொண்டு, முகம் தெரியாத அளவுக்குக் குனிந்து, ஒருவன் கிட்டாரை விறகு பிளப்பதுபோலத் தரையில் அடிக்கப் போகிறான். வீட்டுக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் அதைப் பார்த்துவிட்டுத்தான் காப்பியைக் கையில் வாங்குவார்கள். அப்புறம் கேள்விகள் தொடங்கும். 1988இலிருந்து ஒரே குழுவைக் கட்டிக்கொண்டு அழுகிறவனிடம் எல்லோரும் கேட்பது கிட்டத்தட்ட ஒன்றுதான். எழுதி வைத்துவிட்டால் காப்பியாவது ஆறாமல் இருக்கும்.

கே: யார் இவர்கள்?

ப: தி கிளாஷ். லண்டன் குழு. ஜோ ஸ்ட்ரம்மர் பாட்டும் கிட்டாரும். மிக் ஜோன்ஸ் கிட்டார், பாட்டு, மெட்டுகளில் பெரும்பங்கு. பால் சிமோனன் பேஸ் கிட்டார். 1977இல் வந்து சேர்ந்த டாப்பர் ஹெடன் டிரம்ஸ். 1976 ஜூலை 4 அன்று ஷெஃபீல்டில் ‘பிளாக் ஸ்வான்’ என்ற பப்பில், செக்ஸ் பிஸ்டல்ஸ் குழுவுக்கு முன்னால் ஏறி முதல் கச்சேரி செய்தார்கள். அதே இரவு லண்டனில் அமெரிக்கப் பங்க் குழுவான ரமோன்ஸ் வாசித்துக்கொண்டிருந்தார்கள். பங்க் வரலாறு பேசுகிறவர்கள் இந்தத் தேதியைச் சொல்லும்போது குரலைக் கொஞ்சம் தாழ்த்திக்கொள்வார்கள், நானும்தான். 1986 தொடக்கத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. பத்து வருடம்கூட முழுதாக இல்லை.

கே: பங்க் என்றால்? முடியை நட்டுக்கொண்டு நிற்பதா?

ப: எங்கள் ஊரில் பங்க் என்றால் பெட்ரோல் போடும் இடம், இல்லாவிட்டால் பிடரி வரை வளர்த்த முடி. இது வேறு. எழுபதுகளின் நடுவில் ராக் இசை, பெரிய அரங்குகளில் பத்து நிமிஷக் கிட்டார் ஆலாபனையாக வளர்ந்துவிட்டிருந்தது. பிரிட்டனில் வேலையில்லாத இளைஞர்கள் பெருகிக்கொண்டிருந்தார்கள். அந்த ஆலாபனைக்கும் அவர்கள் வாழ்க்கைக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. கிட்டாரில் மூன்று கார்டு (சேர்த்து அடிக்கும் சுரக்கூட்டு) தெரிந்தால் போதும், மேடை ஏறு, உன் தெருவைப் பற்றி இரண்டு நிமிஷத்தில் பாடு என்று கிளம்பியதுதான் பங்க்.

பால் சிமோனனைப் பாருங்கள். ஓவியம் படித்தவர், குழுவில் சேர்ந்தபோது வாசிக்கவே தெரியாது. பேஸ் கிட்டாரின் கழுத்தில் சுரங்களின் பெயரை வண்ணத்தில் எழுதி வைத்துக்கொண்டு பழகினார். ஹார்மோனியக் கட்டையில் ஸ ரி க ம ஒட்டிவைத்துப் பழகுகிற பிள்ளைகளைப் போல. மூன்று வருடம் கழித்து அவரே எழுதிப் பாடிய ஒரு பாட்டின் பேஸ் வரியை வேறொரு குழு எடுத்துக் கையாண்டு, 1990இல் பிரிட்டனில் முதலிடம் பிடித்தது.

கே: உங்களுக்கு எப்படிப் பிடித்தது இந்தப் பித்து?

ப: ஒரு கேசட்டில். கல்லூரி விடுதியில் அடுத்த அறை அண்ணன் ஒருவரின் மாமா வெளிநாட்டிலிருந்து கிளாஷின் ‘லண்டன் காலிங்’ எல்பி இசைத்தட்டைக் கொண்டுவந்திருந்தார். அண்ணன் அதை 90 நிமிஷக் கேசட்டில் பதிந்து வைத்திருந்தார். அட்டையைப் பார்த்துப் பாட்டுகளின் பெயரைப் பச்சை மையில் வரிசையாக எழுதியிருந்தார், மொத்தம் 18 பெயர். நான் இரவல் வாங்கிக் கேட்டேன். கடைசிப் பாட்டு முடிந்த பிறகு இன்னொரு பாட்டு வந்தது. எண்ணிப் பார்த்தேன், 19. எனக்கு அதில் ரொம்பப் பிடித்தது அந்தப் பெயரில்லாத பாட்டுதான். அண்ணனைக் கேட்டால், “அட்டையில் இல்லடா, நான் என்ன பண்ணட்டும்” என்றார்.

அவர் சொன்னது சரி. அட்டையில் உண்மையிலேயே இல்லை. ஒரு இசைப் பத்திரிகையோடு இலவசத் தட்டாகக் கொடுப்பதற்கென்று பதிவு செய்த பாட்டு அது. அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. அதற்குள் அட்டை அச்சுக்குப் போயிருந்தது. அதனால் பாட்டை மட்டும் தட்டின் கடைசியில் சேர்த்தார்கள். பெயரைத் தட்டின் நடுவில், பள்ளங்கள் முடியும் இடத்தில் கீறிவிட்டார்கள். பெயர் ‘டிரெய்ன் இன் வெயின்’. அந்தச் சொற்கள் பாட்டுக்குள் எங்குமே வராது என்பதால் கேட்டுக் கண்டுபிடிக்கவும் வழியில்லை. ஏழெட்டு வருடம் கழித்து ஒரு பழைய தட்டுக் கடையில் எல்பியை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து அந்தக் கீறலைப் படித்தேன். கடைக்காரர் தட்டில் ஏதோ கோளாறு என்று நினைத்துப் பத்து ரூபாய் குறைத்தார். நான் மறுப்பு சொல்லவில்லை.

கே: சுவரில் இருக்கும் படத்தின் கதை என்ன? ஏன் உடைக்கிறார்?

ப: அது பால் சிமோனன்; இடம் நியூயார்க்கில் பல்லேடியம் அரங்கு; 1979 செப்டம்பர். இருக்கையை விட்டு எழுந்து ஆட ஜனங்களை அரங்கக் காவலர்கள் விடவில்லை. அந்த எரிச்சலில் உடைத்ததாகப் பின்னால் அவரே சொன்னார். படம் எடுத்தவர் பென்னி ஸ்மித். கிட்டாரோடு ஆள் தன் பக்கம் வருவதைப் பார்த்துப் பின்வாங்கிக்கொண்டே எடுத்ததால் படம் சற்றுக் கலங்கியிருக்கும். அட்டைக்கு இது வேண்டாம், ஃபோகஸ் சரியில்லை என்றார் அவர். இதுதான் வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார் ஸ்ட்ரம்மர். ஓரத்தில் இளஞ்சிவப்பிலும் பச்சையிலும் இருக்கும் எழுத்துகள் எல்விஸ் பிரெஸ்லியின் முதல் எல்பி அட்டையை அப்படியே பின்பற்றியவை. வரைந்தவர் ரே லோரி. உடைந்த பேஸ் கிட்டார் இப்போது லண்டன் அருங்காட்சியகத்தின் கையில். கோபத்தில் பொருளை உடைப்பதை நான் ஆதரிப்பவன் இல்லை. எங்கள் வீட்டில் டம்ளர் விழுந்தாலே பஞ்சாயத்துதான்.

கே: பெயரே ‘லண்டன் காலிங்’ என்றால் என்ன அர்த்தம்?

ப: போர்க்காலத்தில் பிபிசி வெளிநாட்டு ஒலிபரப்பைத் தொடங்கும் வாசகம். இரவில் சிற்றலையைத் திருகித் திருகித் தமிழோசை கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. எங்கோ தொலைவில் ஏதோ நடக்கிறது, லண்டனிலிருந்து ஒரு குரல் அதைச் சொல்கிறது. ஸ்ட்ரம்மர் அந்தத் தொனியை எடுத்துக்கொண்டு, இந்த முறை ஆபத்து லண்டனுக்கே என்று திருப்பிப் போட்டார். 1979 மார்ச்சில் அமெரிக்காவின் த்ரீ மைல் ஐலண்ட் அணு உலையில் விபத்து நடந்திருந்தது. தேம்ஸ் பொங்கினால் நகரம் மூழ்கும் என்ற பயமும் இருந்தது. வெள்ளத் தடுப்பு அணையை அப்போதுதான் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஸ்ட்ரம்மர் குடியிருந்ததோ ஆற்றின் பக்கம். பாட்டில் அந்தப் பயமும் இருக்கும், வந்தால் வரட்டும் என்ற எகத்தாளமும் இருக்கும்.

கே: நல்ல பாட்டு எத்தனையோ பேர் போட்டிருக்கிறார்கள். இவர்களிடம் மட்டும் என்ன இவ்வளவு விசுவாசம்?

ப: விலை. சிரிக்காதீர்கள்.

‘லண்டன் காலிங்’ இரட்டைத் தட்டு. இரண்டு தட்டு என்றால் இரண்டு தட்டு விலை, அதுதான் வழக்கம். இவர்களின் கம்பெனி சிபிஎஸ். எல்பியோடு ஒரு பன்னிரண்டு அங்குல சிங்கிளை (ஒன்றிரண்டு பாட்டு மட்டும் உள்ள தட்டு) இலவசமாகத் தரலாமா என்று கேட்டார்கள். சிங்கிள்தானே என்று கம்பெனி தலையாட்டியது. அந்த ‘சிங்கிளில்’ இவர்கள் ஒரு பாட்டுக்குப் பதிலாக ஒரு எல்பி அளவுக்குப் பாட்டுகளை நிரப்பினார்கள். பிரிட்டனில் 5 பவுண்டுக்கு இரண்டு தட்டு கிடைத்தது.

அடுத்த வருடம் இன்னும் மோசம், கம்பெனிக்கு. ‘சாண்டினிஸ்டா’ மூன்று தட்டு, 36 பாட்டு, விலை 5 பவுண்டு 99 பென்ஸ். அந்த விலைக்குச் சம்மதிக்க வைக்க, பிரிட்டனில் முதல் 2,00,000 பிரதிகளுக்கு ராயல்டியே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தார்கள். கையில் பணம் புரளும் ஆட்களும் இல்லை, கடனில் இருந்தவர்கள்.

1981இல் நியூயார்க்கில் டைம்ஸ் சதுக்கத்துக்குப் பக்கத்தில் ‘பாண்ட்ஸ்’ என்ற அரங்கில் எட்டு கச்சேரி ஒப்புக்கொண்டிருந்தார்கள். அரங்கு கொள்ளும் அளவுக்கு மேல் டிக்கெட் விற்றுவிட்டிருந்தார்கள். தீயணைப்புத் துறை தலையிட்டது. வெளியே கலாட்டா. வேறு யாராவது என்றால் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு விமானம் ஏறியிருப்பார்கள். இவர்கள் டிக்கெட் வாங்கிய ஒருவரும் ஏமாறக் கூடாது என்று எட்டை 17 ஆக்கி வாசித்தார்கள். கச்சேரி முடிந்து ஊர் திரும்ப வழியில்லாத பையன்களைத் தங்கள் ஓட்டல் அறைத் தரையில் படுக்க வைத்ததும் உண்டு. எனக்கு வேறு நூறு குழுக்களின் பாட்டு பிடிக்கும். கேட்கிறவன் பையைப் பற்றி இவ்வளவு யோசித்த இன்னொரு குழுவை நான் பார்க்கவில்லை.

கே: புரட்சி பேசிக்கொண்டு பெரிய கம்பெனியில் சேர்ந்தவர்கள்தானே?

ப: ஆமாம். 1977 ஜனவரியில், 1,00,000 பவுண்டு ஒப்பந்தம். அன்றைக்கே பங்க் செத்துவிட்டது என்று ஒப்பாரி வைத்தவர்கள் உண்டு. முதல் எல்பியிலிருந்து ஒரு பாட்டைக் கம்பெனி இவர்களைக் கேட்காமலே சிங்கிளாக வெளியிட்டது. பதிலுக்கு, கம்பெனியைத் திட்டி ‘கம்ப்ளீட் கண்ட்ரோல்’ என்று ஒரு பாட்டு எழுதி, அதையும் அதே கம்பெனியிலேயே வெளியிட்டார்கள். தயாரிப்பில் கைகொடுக்க வந்தவர் ஜமைக்காவின் லீ பெர்ரி. முதலாளி காசில் அச்சடித்து முதலாளியைத் திட்டுவதை இரட்டை வேடம் என்பவர்கள் சொல்லிக்கொள்ளட்டும். எனக்கு வேடிக்கையாக இருக்கிறது.

கே: ஸ்ட்ரம்மர் தூதரக அதிகாரியின் மகன், போர்டிங் ஸ்கூலில் படித்தவர். அவர் எப்படி ஏழைத் தெருவைப் பாடலாம்?

ப: இதைக் கேட்காத ஆளே இல்லை. உண்மைப் பெயர் ஜான் மெல்லர். 1952இல் துருக்கியின் அங்காராவில் பிறந்தவர். அப்பா பிரிட்டிஷ் வெளியுறவுத் துறை ஊழியர். அந்த அப்பா பிறந்தது நம் லக்னோவில். பிள்ளை கெய்ரோ, மெக்சிகோ என்று சுற்றிவிட்டுப் போர்டிங் ஸ்கூலுக்குப் போனார். பிறகு லண்டன் சுரங்க ரயில் நிலையங்களில் வாசித்துக் காசு கேட்டார். ஆறு கம்பியையும் ஒருசேர அடிக்க மட்டுமே தெரியும் என்பதால் ‘ஸ்ட்ரம்மர்’ என்று தனக்கே பெயர் வைத்துக்கொண்டார். குரலும் உச்சரிப்பும் அப்பா வீட்டிலிருந்து வந்தவை இல்லை, பழகிக்கொண்டவை. போலி என்றால் போலிதான். ஆனால் மிக் ஜோன்ஸ் பாட்டியோடு வாழ்ந்தது நெடுஞ்சாலையைப் பார்த்த அடுக்குமாடியின் 18ஆவது மாடியில். அந்த வீட்டுச் சத்தத்தை ஸ்ட்ரம்மர் அவரிடமிருந்து வாங்கிக்கொண்டார் என்றுதான் நினைக்கிறேன். இருவரும் சேர்ந்து எழுதியவைதான் நிற்கின்றன.

கே: ‘வைட் ரயட்’ என்று ஒரு பாட்டு. வெள்ளையர் கலவரமா? இனவெறியா?

ப: தலைப்பை மட்டும் படித்தவர்கள் அப்படித்தான் நினைத்தார்கள், வெள்ளை வெறியர்கள் சிலர் உட்பட. 1976 ஆகஸ்டில் நாட்டிங் ஹில் திருவிழாவில் கறுப்பின இளைஞர்களுக்கும் போலீசுக்கும் பெரிய மோதல். ஸ்ட்ரம்மரும் சிமோனனும் அங்கே இருந்தார்கள். இவர்கள் எதிர்த்து நிற்கிறார்கள், நம் பையன்கள் ஏன் வாய்மூடிக் கிடக்கிறார்கள் என்ற கேள்விதான் பாட்டு. முதல் எல்பியிலேயே ஜமைக்காவின் ஜூனியர் மர்வின் பாடிய ஒரு ரெகே பாட்டை ஆறு நிமிஷத்துக்கு எடுத்துப் பாடியிருக்கிறார்கள்.

1978 ஏப்ரல் 30 அன்று, இனவெறிக்கு எதிரான ‘ராக் அகெய்ன்ஸ்ட் ரேசிசம்’ இயக்கம் டிராஃபல்கர் சதுக்கத்திலிருந்து விக்டோரியா பூங்கா வரை ஊர்வலம் நடத்தி, அங்கே கச்சேரி வைத்தது. பல்லாயிரம் பேர். கிளாஷ் வாசித்தார்கள். அன்று ஸ்ட்ரம்மர் போட்டிருந்த பனியனில் இத்தாலியின் ‘ரெட் பிரிகேட்ஸ்’ ஆயுதக் குழுவின் பெயர். அந்தக் குழு அப்போது இத்தாலியின் முன்னாள் பிரதமர் ஆல்டோ மோரோவைக் கடத்தி வைத்திருந்த நேரம். பத்து நாளில் அவரைக் கொன்றும் போட்டது. சட்டை மாட்டும்போது யோசிக்க வேண்டாமா? அந்தக் கச்சேரிப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் கண் பனியனுக்குப் போய் நின்றுவிடுகிறது.

கே: தமிழர்களுக்கும் இவர்களுக்கும் ஏதாவது தொடர்பு உண்டா?

ப: உண்டு, அழகான தொடர்பு. ‘ஸ்லம்டாக் மில்லியனர்’ பார்த்திருப்பீர்கள். அதில் ரயில் கூரையில் பையன்கள் போகும் இடத்தில் வரும் பாட்டு ‘பேப்பர் பிளேன்ஸ்’. பாடியவர் எம்.ஐ.ஏ., அதாவது மாதங்கி அருள்பிரகாசம். லண்டனில் பிறந்து, யாழ்ப்பாணத்தில் வளர்ந்து, போரினால் அகதியாக லண்டனுக்கே திரும்பியவர். அம்மாவின் பெயரான ‘கலா’வையே 2007இல் தன் இசைத்தொகுப்புக்கு வைத்தவர். அந்தப் பாட்டில் அடியில் மிதந்துகொண்டே போகும் கிட்டார் கிளாஷின் ‘ஸ்ட்ரெயிட் டு ஹெல்’. 1982இல் வந்த பாட்டு. வந்த நாட்டில் கதவடைக்கப்பட்ட குடியேறிகளையும், அமெரிக்கச் சிப்பாய்கள் வியட்நாமில் விட்டுவிட்டுப் போன பிள்ளைகளையும் பற்றியது. 25 வருடம் கழித்து, குடியேறிகள் என்றாலே திருடர்கள் என்று நினைக்கிறவர்களைக் கிண்டல் செய்து ஒரு தமிழ்ப்பெண் பாடியபோது, அடியில் அதே கிட்டார். பாட்டெழுதியவர்கள் பட்டியலில் கிளாஷ் நால்வரின் பெயரும் இருக்கும். எங்கள் சித்தப்பா ஒருவர் கிளாஷ் என்றாலே காதைப் பொத்துவார். இந்தப் பாட்டுக்குக் கல்யாண வீட்டில் ஆடினார். சொல்லவில்லை.

கே: ஏன் பிரிந்தார்கள்?

ப: இதை எழுதத்தான் கை வரமாட்டேன் என்கிறது.

‘ராக் த காஸ்பா’ கேட்டிருப்பீர்கள். அமெரிக்காவில் எட்டாவது இடம் வரை போன பாட்டு. அதன் இசை டாப்பருடையது. நியூயார்க் ஸ்டூடியோவுக்கு மற்றவர்களுக்கு முன்னால் வந்து, டிரம்ஸ், பியானோ, பேஸ் மூன்றையும் தானே வாசித்து வைத்துவிட்டார். ஆனால் ஹெராயின் பழக்கம் முற்றியிருந்தது. 1982 மே மாதம் அவரை வெளியே அனுப்பினார்கள். அந்தப் பாட்டுக்குப் பிறகு எடுத்த வீடியோவில் டிரம்ஸ் முன்னால் உட்கார்ந்திருப்பவர், முதல் எல்பியில் வாசித்த பழைய ஆள் டெர்ரி சைம்ஸ். டாப்பர் தன் பாட்டில் தானே இல்லை. அவரை அனுப்பியது சரியா என்று நண்பர்களோடு விடிய விடிய வாதாடியிருக்கிறேன். மேடையில் நிற்க முடியாத ஆளை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பார்கள். எனக்கு அவரை விட்டதோடு குழு முடிந்தது.

1983 செப்டம்பரில் மிக் ஜோன்ஸையும் நீக்கினார்கள். குழுவைத் தொடங்கியவரையே! தாமதமாக வருகிறார், நட்சத்திரம்போல நடந்துகொள்கிறார் என்றார்கள். மேனேஜர் பெர்னி ரோட்ஸ் தூபம் போட்டார், ஸ்ட்ரம்மர் கேட்டார். தவறு செய்துவிட்டேன் என்று பின்னால் ஸ்ட்ரம்மரே ஒப்புக்கொண்டார். புதுப் பையன்களை வைத்து 1985இல் ‘கட் த கிராப்’ என்று ஒரு எல்பி வந்தது. என்னிடம் இருக்கிறது, பிளாஸ்டிக் உறை பிரிக்காமல்.

கே: திரும்பச் சேரவே இல்லையா? எல்லாரும் சேர்கிறார்களே.

ப: 1991இல் ஒரு ஜீன்ஸ் விளம்பரத்தில் ‘ஷுட் ஐ ஸ்டே ஆர் ஷுட் ஐ கோ’ வந்து, ஒன்பது வருடப் பழைய பாட்டு பிரிட்டனில் முதலிடம் போனது. சேர்ந்து ஒரு சுற்று வந்தால் பெரும்பணம். சேரவில்லை.

ஆனால் ஒரு இரவு இருக்கிறது. 2002 நவம்பர் 15, லண்டனில் ஆக்டன் டவுன் ஹால். தீயணைப்பு வீரர்கள் சம்பள உயர்வு கேட்டுப் போராடிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் சங்கத்துக்கு நிதி திரட்ட ஸ்ட்ரம்மர் தன் புதிய குழுவோடு வாசித்துக்கொண்டிருந்தார். கூட்டத்தில் மிக் ஜோன்ஸ் பார்வையாளராக நின்றார். ‘பேங்க்ராபர்’ பாட்டு தொடங்கியதும் அவருக்குப் பொறுக்கவில்லை. மேடையேறி ஒரு கிட்டாரை மாட்டிக்கொண்டார். யாரும் திட்டமிடவில்லை. இருபது வருடத்துக்கு அப்புறம் இருவரும் ஒரே மேடையில். கட்டணச் சுற்று இல்லை, விளம்பரம் இல்லை. தீயணைக்கிறவர்களுக்காக, ஒரு டவுன் ஹாலில்.

ஐந்து வாரம் கழித்து, டிசம்பர் 22 அன்று, ஸ்ட்ரம்மர் வீட்டில் இறந்துபோனார். பிறவியிலேயே இதயத்தில் குறை இருந்திருக்கிறது, யாருக்கும் தெரியாது. வயது 50. எனக்கு அலுவலகத்தில்தான் செய்தி தெரிந்தது. “யாருங்க தவறிட்டாங்க?” என்று பக்கத்து மேசை அம்மா கேட்டார். தெரிந்தவர் என்று சொன்னேன்.

கே: செக்ஸ் பிஸ்டல்ஸ்தானே பெரிய குழு?

ப: வெளியில் போய்ப் பேசிக்கொள்வோம்.

கே: புதிதாகக் கேட்க நினைக்கிறேன். எங்கிருந்து தொடங்குவது?

ப: ‘லண்டன் காலிங்’. முதல் பாட்டிலிருந்து வரிசையாக, கலைத்துப் போடாமல். அதில் ராக், ரெகே, ஸ்கா, ஜாஸ் வாடை எல்லாம் இருக்கும்; ஒன்று பிடிக்காவிட்டால் அடுத்தது பிடிக்கும். இதன் தயாரிப்பாளர் கை ஸ்டீவன்ஸ் பதிவின்போது ஸ்டூடியோவில் நாற்காலியைத் தூக்கி அடிப்பார், ஏணியைச் சுழற்றுவார். குழுவுக்குச் சூடேற்றுகிறாராம். அந்தச் சூடு தட்டில் கேட்கும். பிறகு 1977இன் முதல் எல்பி. கரடுமுரடாக இருக்கும், அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். அதற்கடுத்து ‘கம்பாட் ராக்’.

‘சாண்டினிஸ்டா’வுக்கு அவசரப்படாதீர்கள். மூன்று தட்டில் ஒன்றரைத் தட்டு அபாரம், மீதி அவர்கள் விளையாடியது. ஆறாவது பக்கம் பெரும்பாலும் டப் (பாட்டைப் பிரித்துக் குரலைக் குறைத்து எதிரொலி சேர்க்கும் ஜமைக்கா பாணி) சோதனைகள். என் மனைவி அது ஓடும்போது ரேடியோ கெட்டுவிட்டதா என்று வந்து பார்த்திருக்கிறாள். ஆனால் அந்தப் பக்கத்தில் கடைசிக்கு முந்தின பாட்டை மட்டும் விடாதீர்கள். முதல் எல்பியில் வேலை கிடைக்காத ஆத்திரத்தில் ஸ்ட்ரம்மர் கத்திய ‘கரியர் ஆப்பர்சூனிட்டீஸ்’ பாட்டை, கீபோர்டு வாசித்த மிக்கி கலஹரின் சின்னப் பையன்கள் இரண்டு பேர் பாடியிருப்பார்கள், பள்ளிக்கூடப் பாட்டு மாதிரி. என் மகளுக்கு நாலு வயதில் மொத்தக் கிளாஷிலும் அது ஒன்றுதான் பிடித்தது. ஊசியை அந்த இடத்தில் வைக்கத் தெரியாமல் அவள் போட்ட கீறல் இன்னும் இருக்கிறது. ஒவ்வொரு முறையும் இரண்டாவது வரியில் ‘டக்’ என்று ஒரு சத்தம் வரும்.